யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பத்தொன்பது மணி நேரம் என்பார். இன்னொருவர் முப்பத்து மூன்று என்பார். போய் வந்த பெரியம்மாவோ இரண்டு நாள் என்பார். மூவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் விமானம் ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார். இரண்டாமவர் ட்ரான்சிட்டில் காத்திருப்பதையும் சேர்க்கிறார். பெரியம்மா வீட்டுப் படலையைச் சாத்திய நேரத்திலிருந்து எண்ணுகிறார்.

இந்த மூன்று கணக்குகளையும் ஒவ்வொன்றாகப் போடுவதற்கான வழி இது. ரொறன்ரோவை உதாரணமாக எடுத்திருக்கிறேன். லண்டனுக்கோ மெல்பேர்னுக்கோ எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

படி 1: எந்த விமான நிலையம்?

"லண்டன்" என்பது ஒரு விமான நிலையத்தின் பெயர் அல்ல. ஹீத்ரோ, கட்விக், லூட்டன், ஸ்டான்ஸ்டெட் எல்லாம் லண்டன் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன; ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகவே அரை நாள் ஆகலாம். பாரிஸ் என்று மலிவு டிக்கெட்டில் வரும் போவே, பாரிஸ் நகரத்திலிருந்து எழுபது, எண்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. ஆகவே நகரத்தின் பெயரை விட்டுவிட்டு மூன்றெழுத்துக் குறியீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் பலாலி ஜே-ஏ-எஃப், கட்டுநாயக்கா சி-எம்-பி, சென்னை எம்-ஏ-ஏ, ரொறன்ரோ பியர்சன் ஒய்-ஒய்-இசட்.

நம் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. கொழும்பு என்றால் கட்டுநாயக்காவா, இரத்மலானையா? முதலாவது கொழும்புக்கு வடக்கே, இரண்டாவது தெற்கே. பலாலியிலிருந்து இரத்மலானைக்கு உள்ளூர் விமானம் கிடைத்தாலும், நகரத்தின் நெரிசலைக் கடந்துதான் கட்டுநாயக்காவுக்குப் போகவேண்டும். அந்த நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

படி 2: ஆள்கூறுகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அகலாங்கும் நெட்டாங்கும் உண்டு. கூகுள் வரைபடத்தில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். நமக்கு வேண்டியவை இவை:

பலாலி: வடக்கு 9.79, கிழக்கு 80.07
கட்டுநாயக்கா: வடக்கு 7.18, கிழக்கு 79.88
சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
ரொறன்ரோ பியர்சன்: வடக்கு 43.68, மேற்கு 79.63

தெற்கு, மேற்கு என்றால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடவேண்டும். ரொறன்ரோ விடயத்தில் இது மிக முக்கியம். நெட்டாங்கைப் பொறுத்தவரை பலாலியும் பியர்சனும் ஏறத்தாழ ஒரே எண்ணில், கிரீன்விச்சுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. கழித்தல் குறியை விட்டுவிட்டால் ரொறன்ரோ கசகஸ்தானில், சீன எல்லைக்கு அருகே போய் விழும். தூரமும் 3,800 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். விடை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக வந்தால் முதலில் இந்தக் குறியைப் பாருங்கள்.

படி 3: தூரத்தைக் கணக்கிடுங்கள்

சுலபமானதில் தொடங்குவோம். பலாலியும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே நெட்டாங்கில் இருக்கின்றன. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர். அதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர். அகலாங்குகளின் வித்தியாசம் 12.99 − 9.79 = 3.20. அதை 111 ஆல் பெருக்கினால் 355 கிலோமீற்றர். பலாலி–சென்னை வான்தூரம் அவ்வளவுதான். இதே முறையில் கட்டுநாயக்காவுக்கு 290 கிலோமீற்றர் வரும். தரைவழியாகக் கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீற்றர் ஓடிப் பழகிய நமக்கு, வான்கணக்கில் சென்னை எவ்வளவு பக்கம் என்பது அப்போதுதான் உறைக்கும். 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு விட்டதில் வியப்பில்லை.

தொலைதூரத்துக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. அங்கே கோளத்தின் திரிகோணகணிதம் வேண்டும். பயப்படத் தேவையில்லை, சைன், கோசைன் உள்ள கைத்தொலைபேசிக் கணிப்பானும் பாகை முறையும் போதும்.

முதலில் இரண்டு அகலாங்குகளின் சைன்களைப் பெருக்குங்கள்: சைன் 9.79 என்பது 0.170, சைன் 43.68 என்பது 0.691. பெருக்கினால் 0.117.

அடுத்து இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். வித்தியாசம் 80.07 + 79.63 = 159.70 பாகை. ஆகவே 0.985 × 0.723 × (−0.938) = −0.668.

இரண்டையும் கூட்டினால் −0.551. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று கணிப்பானைத் திருப்பிக் கேட்டால் 123.4 பாகை என்று சொல்லும். அதை 111.2 ஆல் பெருக்கினால் சுமார் 13,720 கிலோமீற்றர். பலாலியிலிருந்து ரொறன்ரோவுக்கு உள்ள மிகக் குறுகிய தூரம் அதுதான். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்பதால் விடையில் அரை வீதம்வரை பிசகலாம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டல்ல.

கணக்குப் போட மனமில்லாதவர்கள் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தில் இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் தூரம் வந்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. அப்போதுதான் தளங்கள் தரும் எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும். பலாலியிலிருந்து நம்மவர் போகும் மற்ற ஊர்களுக்கும் கணக்கிட்டேன்: சூரிச் 7,820, பாரிஸ் சார்ல்ஸ் டி கோல் 8,280, லண்டன் ஹீத்ரோ 8,500, மெல்பேர்ன் 8,540. கடைசி இரண்டையும் பாருங்கள். அண்ணன் லண்டனிலும் தங்கை மெல்பேர்னிலும் இருக்கும் வீட்டில், யார் அதிகம் தூரம் போய்விட்டார் என்ற வாக்குவாதத்துக்கு முடிவே கிடையாது.

வரைபடம் காட்டும் பொய்

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் யாழ்ப்பாணத்தையும் ரொறன்ரோவையும் அடிமட்டத்தால் இணைத்தால், கோடு அரேபியா, வட ஆபிரிக்கா, அத்திலாந்திக் சமுத்திரம் என்று போகும். அந்தக் கோட்டில் பறந்தால் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் மேல் வீணாகும். பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வேறு பாதை தெரியும்: ராஜஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, நோர்வேக்கு வடக்கே உள்ள கடல், கிரீன்லாந்து, கியூபெக், அப்புறம் ரொறன்ரோ. ஏறத்தாழ 73 பாகை வடக்குவரை ஏறித்தான் இறங்குகிறது. இதற்குப் பெயர் பெருவட்டப் பாதை. இருக்கைத் திரையில் விமானம் வடக்கே வளைந்து போவதைக் கண்டு "ஏன் சுற்றிக்கொண்டு போகிறான்?" என்று பலர் கேட்பார்கள். அவன் சுற்றவில்லை, தட்டையான படம்தான் நேர்கோட்டை வளைத்துக் காட்டுகிறது.

ஆனால் இந்தக் குறுக்குப் பாதை எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. 2022 பெப்ரவரியிலிருந்து பிரித்தானிய, ஐரோப்பிய ஒன்றிய, கனேடிய விமானங்களுக்கு ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டுவிட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்த லண்டன்–டோக்கியோ பயணம் அதன்பின் பதினான்கு மணி நேரத்தைத் தொட்டது. ஒரே இரண்டு ஊர்களுக்கிடையே நிறுவனத்துக்கு நிறுவனம் நேரம் வேறுபட்டால், வேகத்தை அல்ல, எந்த நாட்டின் மேலால் போகிறார்கள் என்பதையே முதலில் பாருங்கள்.

படி 4: நேரடி விமானம் இல்லை என்றால் பாதையைத் துண்டாக்குங்கள்

13,720 கிலோமீற்றரை இறங்காமல் பறக்கும் விமானங்கள் உலகில் உண்டு. சிங்கப்பூர்–நியூயோர்க் பாதை 15,300 கிலோமீற்றரையும் தாண்டுகிறது. ஆனால் பலாலிக்கு வந்து போவது ஏ-டி-ஆர் 72 வகைச் சிறிய புரொப்பெல்லர் விமானம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து வந்தது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஆகவே நமக்கு இரண்டு வாசல்கள்: கட்டுநாயக்கா, சென்னை.

கட்டுநாயக்கா வழி: துபாய்க்கு 3,290 கிலோமீற்றர், துபாயிலிருந்து ரொறன்ரோ 11,080. கூட்டினால் 14,370. கட்டுநாயக்காவிலிருந்து நேரடித் தூரம் ஏறத்தாழ 14,000. ஆக, துபாயில் இறங்குவதால் கூடுவது நானூறு கிலோமீற்றருக்கும் குறைவு. லண்டன் வழியாகப் போனாலும் 8,710 + 5,710 = 14,420 என்று கிட்டத்தட்ட அதே எண்தான். "வளைகுடா சுற்றுவழி, லண்டன் நேர்வழி" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. தூரத்தை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. காத்திருப்பு நேரத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

சென்னை வழி: லண்டனுக்குப் போகிறவருக்கு இது உண்மையில் குறுகியது. பலாலி–சென்னை–ஹீத்ரோ 8,590 கிலோமீற்றர். பலாலியிலிருந்து கட்டுநாயக்கா வழியாக அளந்தால் 9,000. நானூறு கிலோமீற்றர் மிச்சம், கொழும்பு ஓட்டமும் மிச்சம். ஆனால் பலாலி–சென்னை டிக்கெட்டும் சென்னை–லண்டன் டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கப்பட்டிருந்தால், சென்னையில் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க நேரிடும். அதற்கு இந்திய விசா வேண்டும். கனேடிய, பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும்தான். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், தனி டிக்கெட் என்பதால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக, பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகும்படி கிடைத்தால் மட்டும் சென்னையைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து. இல்லையேல் சென்னையில் ஒரு நாள் தங்குவதாகவே திட்டமிடுங்கள். கோயிலும் கடையும் பார்த்த மாதிரி ஆகும்.

படி 5: தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். ஏறுவதும் இறங்குவதும் தரையில் ஊர்வதும் மெதுவானவை. ஆகவே எளிய சூத்திரம் இது: தூரத்தை 850 ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். ஏ-டி-ஆர் என்றால் 850க்குப் பதில் 500.

சோதித்துப் பாருங்கள். பலாலி–சென்னை: 355 ÷ 500 = 0.71 மணி, அதாவது 43 நிமிடம். அரை மணி கூட்டினால் ஒன்றேகால் மணி. அட்டவணையும் ஏறத்தாழ அதையே சொல்லும். கட்டுநாயக்கா–ஹீத்ரோ: 8,710 ÷ 850 = 10.25, அரை மணி கூட்டினால் பத்தேமுக்கால். உண்மையில் போகும்போது பதினொரு மணி நேரம்வரை, திரும்பும்போது பத்தரை.

அந்த வித்தியாசம் காற்றால் வருவது. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், நடு அகலாங்குகளில், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் வேகமான காற்றோட்டம் உண்டு. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். நம் ஊர்ச் சோளகத்தையும் வாடையையும் போல இது திசை மாறுவதில்லை. குளிர்காலத்தில் மட்டும் வலுக்கும். மேற்கே போகிறவருக்கு எதிர்காற்று, கிழக்கே வருகிறவருக்குப் பின்காற்று. ஆகவே பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் மேற்கே போகும்போது கால் முதல் அரை மணி கூட்டுங்கள், திரும்பும்போது அதேயளவு கழியுங்கள். துபாய்–ரொறன்ரோ சூத்திரப்படி பதின்மூன்றரை. போகும்போது பதினான்கு, வரும்போது பதின்மூன்றுக்கும் குறைவு.

அட்டவணை நேரம் என்பது வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறுவாசலில் நிற்பதுவரை. தாமதத்துக்காக நிறுவனங்கள் சற்றுத் தாராளமாகவே போட்டிருக்கும். உண்மையில் எவ்வளவு பறக்கிறது என்று அறிய ஃபிளைட்ரேடார்24 தளத்தில் அந்த விமான எண்ணின் கடந்த சில நாட்களைப் பாருங்கள். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

படி 6: டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பிரித்துப் படியுங்கள்

டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். பயண நேரம் காண, எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்கு, வசதிக்கு இலங்கை நேரத்துக்கு, மாற்றுங்கள்.

இலங்கை கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முன்னால். துபாய் நான்கு மணி முன்னால், ஆக நம்மை விட ஒன்றரை மணி பின்னால். ரொறன்ரோ குளிர்காலத்தில் நம்மை விடப் பத்தரை மணி பின்னால். கோடையில், மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறுவரை, ஒன்பதரை. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நான்கரை; ஆனால் அவர்கள் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். மார்ச்சில் கனடா மாறி, பிரித்தானியா மாறாத சில வாரங்கள் உண்டு. லண்டனில் மாறி ஏறுகிறவர்கள் அப்போது கவனமாக இருக்கவேண்டும். மெல்பேர்ன் எதிர்ப்பக்கம்: ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை நம்மை விட ஐந்தரை மணி முன்னால், மற்றக் காலத்தில் நான்கரை.

நம்மவருக்கு நேர வலயம் புதிதல்ல. 1996 முதல் 2006 ஏப்ரல்வரை அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வடக்கே வந்தவர்கள் கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்பினார்கள்.

இப்போது ஒரு கற்பனை டிக்கெட். ஜனவரி 14, கட்டுநாயக்கா காலை 10.05, துபாய் பிற்பகல் 1.10. அடுத்தது ஜனவரி 15, துபாய் அதிகாலை 3.30, ரொறன்ரோ காலை 8.40. துபாய் 1.10 என்பது நமக்கு 2.40, ஆக முதல் விமானம் 4 மணி 35 நிமிடம். துபாயில் காத்திருப்பு 14 மணி 20 நிமிடம். ரொறன்ரோ காலை 8.40 நமக்கு இரவு 7.10; துபாய் 3.30 நமக்கு 5.00. ஆக இரண்டாவது விமானம் 14 மணி 10 நிமிடம். பறந்தது 18 மணி 45 நிமிடம். மொத்தம் 33 மணி 5 நிமிடம். மேலோட்டமாகப் பார்த்தவர் "பத்து மணிக்கு ஏறி மறுநாள் எட்டரைக்கு இறங்குகிறேன், ஒரு நாளும் இல்லை" என்பார்.

நள்ளிரவு டிக்கெட்டில் இன்னும் கவனம் வேண்டும். 15ஆம் திகதி 00.40 என்று இருந்தால், 14ஆம் திகதி இரவே விமான நிலையத்தில் இருக்கவேண்டும். 15ஆம் திகதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் புறப்பட்டால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

படி 7: படலையிலிருந்து எண்ணுங்கள்

பெரியம்மாவின் கணக்கு இங்கே தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்குத் தரைவழியாக வாகனத்தில் ஏழெட்டு மணி நேரம் வையுங்கள். வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போனால் கொழும்புக்குள் நுழையாமலே கட்டுநாயக்கா வந்துவிடும். அந்த வழியால் போகும் இரவு பஸ் என்றால் கொழும்புவரை போய்த் திரும்பாமல் வழியிலேயே இறங்கலாம். எங்கே நிறுத்துவார் என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே நிற்கவேண்டும். ராகுகாலம் பார்த்து வீட்டை விட்டு இறங்குகிறவர்கள் அதை முன்னே தள்ளிப் பாருங்கள், பின்னே தள்ளாதீர்கள்.

மேலே சொன்ன காலை 10.05 விமானத்துக்கு, முதல் நாள் இரவு பதினொரு மணிக்குப் படலை சாத்தவேண்டும். ரொறன்ரோவில் இறங்கும்போது 44 மணி நேரம் ஆகியிருக்கும். அதில் ஆகாயத்தில் கழிந்தது பத்தொன்பது மணிகூட இல்லை. விமானத்தில் அரை மணி மிச்சம் பிடிக்க அதிகப் பணம் கொடுப்பதைவிட, துபாயில் பத்து மணி நேரத்தைக் குறைக்கும் டிக்கெட்டுக்குக் கொடுப்பது மேல். அதற்காக ஒரு மணி நேர ட்ரான்சிட்டை எடுக்காதீர்கள்; வயதானவரோடு, சக்கர நாற்காலி கேட்டுப் போகிறவருக்கு மூன்று மணிக்குக் குறையக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள், நேரம் தவறாமல் மாத்திரை எடுப்பவர்கள் இந்த 44 மணி நேரக் கணக்கை எழுதி, புறப்படுமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து மருந்து எடுப்பது என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

கடைசியாக, அழைக்க வருகிறவருக்கு அனுப்பும் செய்தி. "நாளை வருகிறேன்" என்பது போதாது, யாருடைய நாளை? விமான எண், இறங்கும் ஊரின் திகதி, நேரம், டெர்மினல் எண் நான்கையும் எழுதுங்கள். பியர்சனில் டெர்மினல் 1, 3 மட்டுமே உண்டு. ஹீத்ரோவில் 2 முதல் 5 வரை. 8.40க்கு விமானம் வந்து நின்றாலும், குடிவரவும் பெட்டியும் முடிந்து வெளியே வர ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். விமான நிலைய வாகனத் தரிப்பிடக் கட்டணம் அங்கே மலிவல்ல.